உறைபனியில் உருகும் பிஸ்டன்

மைனஸ் 30 டிகிரி குளிரில் ஓடிய ஸ்னோமொபைல் ஒன்று பட்டறைக்கு இழுத்து வரப்படுகிறது. சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை. ஓரமெல்லாம் அலுமினியம் உருகி வழிந்து உறைந்திருக்கிறது. வெளியே விடுகிற மூச்சு மீசையிலேயே பனியாகும் குளிர். உள்ளேயோ 570 டிகிரியை ஒட்டித்தான் இளகத் தொடங்கும் உலோகம் உருகியிருக்கிறது. பனிநாட்டு வண்டியைக் குளிர் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான், சூட்டைக் கொண்டே. இந்த வண்டிக்கு எண்ணெய் விடுவதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

முதல் காரணம் காற்றின் அடர்த்தி. குளிரக் குளிரக் காற்று இறுகும். 15 டிகிரியில் இருப்பதைவிட மைனஸ் 30-இல் அதே கன அளவுக் காற்றில் சுமார் 18 சதவீதம் கூடுதல் நிறை இருக்கிறது. பழைய ஸ்னோமொபைல்களில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்புவது கார்பரேட்டர். அதன் ஒடுங்கிய தொண்டை வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் கீழே கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை ஜெட் என்கிற ஊசித்துளை வழியாக மேலே இழுக்கிறது. காற்று அடர்ந்தால் இந்த இழுப்பும் கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் பெட்ரோல் வரத்து வர்க்கமூலக் கணக்கில்தான் ஏறும். காற்று 18 சதவீதம் கூடுகிறபோது பெட்ரோல் 9 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. கலவையில் பெட்ரோல் பற்றவில்லை. மெக்கானிக்குகள் இதை ‘லீன்’ என்பார்கள்.

பெட்ரோல் குறைந்தால் சூடும் குறையத்தானே வேண்டும்? முழு வேகத்தில் ஓடும் இந்த என்ஜின்களுக்கு, முழுதாக எரிவதற்குத் தேவையானதைவிடச் சற்று அதிகமாகவே பெட்ரோல் தரப்படுகிறது. அந்த உபரி ஆவியாகும்போது பிஸ்டன் தலையிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. பெட்ரோல் அங்கே எரிபொருள் மட்டுமில்லை, குளிர்விக்கும் திரவமும்கூட. லீன் கலவையில் அந்தக் குளிர்ச்சி பறிபோகிறது. எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரிக்கு மேல். பிஸ்டன் தாங்கும் எல்லையோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால்தான் பழைய வண்டிகள் பலவற்றில் எந்தக் குளிருக்கு, எந்த உயரத்துக்கு எந்த எண் ஜெட் என்று ஒரு அட்டவணையே ஒட்டியிருக்கும். ராக்கி மலையில் 3000 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், அங்கே சின்ன ஜெட் போதும். அதே ஜெட்டோடு வண்டியைச் சமவெளிக்குக் கொண்டுவந்து, விடியற்காலைக் குளிரில் முழு விசையில் விரட்டினால் பிஸ்டன் போய்விடும். இப்போதைய வண்டிகளில் காற்றின் வெப்பநிலையை உணர்ந்து கணினியே பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. இருந்தும் எங்காவது ஒரு ரப்பர் சீல் விரிசல் விட்டுக் காற்று கசிந்தால் கதை பழையபடிதான்.

நகரத்தில் கார் நின்றால் தள்ளி ஓரம் கட்டலாம். ஸ்னோமொபைல் நிற்கும் இடம் அப்படிப்பட்டதில்லை. இந்த வண்டிக் குலத்தின் மூலவர்களில் ஒருவரான ஜோசப்-அர்மான் போம்பார்டியே, கியூபெக் மாநிலத்தின் வால்கூர் என்ற சிற்றூரில் மெக்கானிக்காக இருந்தவர். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகனுக்குக் குடல்வால் அழற்சி. பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் பிள்ளை இறந்தது. பனியில் ஓடும் வண்டிக்கான முயற்சிகளை அவர் அதற்கு முன்பே தொடங்கியிருந்தார். 1937-இல் பல்சக்கரமும், பனியில் வண்டியை உந்தும் பட்டையும் சேர்ந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் வந்தவை ஏழு பேர் உட்காரும் பனிப் பேருந்துகள். ஓரிருவர் ஏறிச் செல்லும் ஸ்கி-டூ 1959-இல்தான் வந்தது. 1968 ஏப்ரலில் ரால்ஃப் பிளெய்ஸ்டட் என்ற மின்னசோட்டா காப்பீட்டு முகவரின் குழு ஸ்கி-டூக்களிலேயே வட துருவத்தை எட்டியது. அமெரிக்க விமானப்படை விமானம் அந்த இடத்தை உறுதி செய்தது. அந்தக் கடல்பனி மேல் ஒரு பிளக் அடைத்துக்கொண்டால் நடந்துபோய் வாங்கக் கடை கிடையாது.

இனி எண்ணெய். இந்த வண்டிகளில் இன்றும் ஏராளமாக இருப்பது டூ-ஸ்ட்ரோக் என்ஜின். இதில் கார் என்ஜினில் இருப்பதுபோல அடியில் எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோல், காற்று, எண்ணெய் மூன்றும் கலந்த மூடுபனி முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, அங்கிருக்கும் பேரிங்குகளை நனைத்துவிட்டு, பிறகு மேலே போய் எரிந்து புகையாகிறது. ஒருமுறை நனைத்த எண்ணெய் திரும்பி வருவதில்லை. பழைய பஜாஜ் ஸ்கூட்டருக்கு பெட்ரோல் பங்கில் 2டி ஆயில் கலந்து வாங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஐம்பதுக்கு ஒன்று என்பது பரவலான கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர். அந்த 20 மில்லிதான் நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றும் தண்டையும் பிஸ்டனையும் உலோகத்தோடு உலோகம் உரசாமல் பிரித்து வைக்கிறது.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எண்ணெயைக் கூடுதலாகக் கலப்பவர்கள் உண்டு. பெட்ரோலோடு கலந்த எண்ணெய் ஜெட்டின் துளையில் தனக்கென ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கலவையின் பிசுக்கும் ஏறும். துளை வழியே வருவதில் பெட்ரோலின் பங்கு சுருங்கி, மறுபடியும் லீன். நல்லெண்ணத்தோடு ஊற்றிய எண்ணெயே பிஸ்டனைச் சூடாக்குகிறது என்பதை நம்ப மறுக்கும் ஓட்டுநர்களோடு மெக்கானிக்குகள் சலிக்காமல் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிந்தைய வண்டிகளில் எண்ணெய்க்குத் தனிக் கலனும் சின்ன பம்பும் உண்டு. பல மாடல்களில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அதே கேபிள் பம்பின் நெம்புகோலையும் இழுக்கும். வேகம் கூடக் கூட எண்ணெய் வரத்தும் கூடும். கேபிள் நாளாவட்டத்தில் நீண்டு தளர்ந்துபோகும், பம்பு பின்தங்கிவிடும். நெம்புகோலிலும் பம்பின் உடலிலும் ஆளுக்கொரு கோடு கீறியிருப்பார்கள். ஆக்சிலரேட்டரின் தொய்வை மட்டும் எடுத்துப் பிடித்தால் இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு டார்ச் வெளிச்சத்தில் இதைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. கூடவே ஒளி ஊடுருவும் அந்த மெல்லிய எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குமிழி கடந்து போகும் நேரமெல்லாம் என்ஜினுக்குப் பட்டினி.

எந்த எண்ணெய் என்ற கேள்வியில்தான் குளிர் தன் கைவரிசையைக் காட்டுகிறது. கனிம எண்ணெயில் மெழுகு கலந்திருக்கும். குளிர் ஏறும்போது அது படிகமாகிப் பின்னிக்கொண்டு எண்ணெயை நகரவிடாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாதே, அந்த நிலைமைதான். கலன் நிறைய எண்ணெய் இருக்கும். பம்புக்கு ஒரு துளியும் போகாது. ஆகவே ஸ்னோமொபைல் எண்ணெய்கள் மைனஸ் 40-ஐ ஒட்டியும் வழிந்தோடும்படி தயாரிக்கப்படுகின்றன. செயற்கை எண்ணெயில் மெழுகு இல்லை. அதிலும் எஸ்டர் வகை மூலக்கூறுகளின் ஒரு முனை உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. படலம் மெலிந்தாலும் அவ்வளவு எளிதில் கிழியாது. படகு என்ஜின்களுக்கான டிசி-டபிள்யூ3 எண்ணெய் மலிவு என்று அதை ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். அது ஏரித் தண்ணீரில் குளிர்ந்தபடி ஓடும் என்ஜினுக்கென்று செய்தது. அதைவிடச் சூடாக ஓடும் ஸ்னோமொபைலில் பிசினும் கரியும் சேரும். குறிப்பாக, எக்ஸாஸ்ட் துளையின் உயரத்தை ஏற்றி இறக்கும் பவர் வால்வு இருக்கும் வண்டிகளில், அந்த வால்வு பிசின் பிடித்து அசையாமல் நின்றுவிடும். படகுக்காரரின் எண்ணெய் படகிலேயே இருக்கட்டும்.

எண்ணெய் சரியாக இருந்தும் என்ஜின் சீஸ் ஆவதுண்டு. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்த கையோடு விரட்டினால், நெருப்பை நேராக வாங்கும் பிஸ்டன் சில நொடிகளில் சூடாகி விரியத் தொடங்கும். உறைகுளிர் திரவம் சூழ்ந்த சிலிண்டரோ நிதானமாகத்தான் சூடாகும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் சிலிண்டரைவிட 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் 0.16 மில்லிமீட்டர் கூடிவிடும். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொள்கிறது, என்ஜின் அப்படியே நிற்கிறது. ஓரிரு நிமிடம் உறும விட்டு, குளிர்விப்பான் குழாய் கைக்கு இளஞ்சூடாகத் தெரிந்த பிறகு கிளம்புவதுதான் மருந்து.

ஆனால் அதே உறுமல் நீண்டால் பிளக்குக்குக் கேடு. மெதுவாக ஓடும்போது பிளக்கின் மூக்கு போதிய சூடு பெறுவதில்லை. வெள்ளைப் பீங்கான்போலத் தெரியும் அந்த மூக்கு அலுமினா, மின்சாரத்தைத் தடுக்கும் பொருள். அதன் நடுவே ஓடும் கம்பியின் நுனிக்கும், மேலிருந்து வளைந்து நிற்கும் கொக்கிக்கும் இடையே மில்லிமீட்டரில் முக்கால் பங்கு இடைவெளி. பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அந்த இடைவெளியைத் தாண்டும்போதுதான் பொறி பிறக்கிறது. டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. 8000 சுற்றில் வினாடிக்கு 130-க்கும் மேல்.

மூக்கின் நுனி சுமார் 450 டிகிரியைத் தாண்டினால் அதில் படியும் கரியும் எண்ணெயும் தானாகவே எரிந்து போய்விடும். அதற்குக் கீழே இருந்தால் கரி ஒட்டிக்கொண்டே போகும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். இடைவெளியைத் தாண்டிக் குதிக்க வேண்டிய மின்சாரம், குதிக்கச் சோம்பி, மூக்கின் மேல் படிந்த கரி வழியே நழுவி இரும்பு உடலுக்குள் இறங்கிவிடும். பொறி இல்லை. மறுபக்கம் 800 டிகிரியைத் தாண்டிச் செந்தணலானால், பொறி வருமுன்பே அந்தத் தணல் கலவையைப் பற்றவைத்துவிடும். மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் எதிர்வரும் வெடிப்பில் மோதும். தலையில் ஓட்டை விழுவதற்கு இதுவும் ஒரு வழி.

இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே நுனியை நிறுத்தி வைப்பது மூக்கின் நீளம். நீண்ட மூக்கிலிருந்து வெப்பம் உடலுக்கு இறங்க நேரமாகும், அது சூட்டு பிளக். குட்டை மூக்கு வெப்பத்தைச் சட்டென்று ஹெட்டுக்குக் கடத்திவிடும், அது குளிர் பிளக். குளிர் நாடாயிற்றே என்று சூட்டு பிளக் மாட்டுவது நேர்மாறான வேலை. பிளக்குக்குத் தெரிவது என்ஜினின் உள்ளே எரியும் சூடு ஒன்றுதான்; முழு விசையில் ஓடும் ஸ்னோமொபைலுக்குக் குளிர் பிளக்தான் வேண்டும். பல பழைய வண்டிகளுக்குச் சொல்லப்படும் என்ஜிகே பிஆர்9இஎஸ் என்பதில் 9 தான் வெப்ப எண். அந்த நிறுவனத்தின் கணக்கில் எண் ஏற ஏறப் பிளக் குளிர்ச்சி. சாம்பியன் நிறுவனத்தின் கணக்கில் எண் ஏற ஏறச் சூடு. பெட்டியின் மேலுள்ள எண்ணை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்துக்கு மாற்றாக இன்னொன்றை மாட்டக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். நடுவில் உள்ள ஆர், உள்ளே மின்தடை இருப்பதைச் சொல்கிறது. அது இல்லாத பிளக்கை மாட்டினால் பொறியின் மின்காந்த இரைச்சல் வண்டியின் மின்னணுக் கருவிகளைக் குழப்பும்.

கழற்றும் முறைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சூடான அலுமினிய ஹெட்டின் மரை எளிதில் பிய்ந்துவிடும். பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மணலோ பெல்ட் தூளோ கிடந்தால் காற்றடித்து ஊதிய பிறகுதான் ஸ்பேனர். இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் விழும். திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே திருக வேண்டும். விரலுக்கு இறுகிய பிறகு, புது பிளக்கென்றால் ஸ்பேனரால் அரைச்சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள். வாஷர் ஏற்கெனவே நசுங்கிய பழைய பிளக்குக்கு அதில் சிறு பகுதியே போதும். அந்த வாஷரும் மரையும்தான் மூக்கின் வெப்பம் ஹெட்டுக்கு இறங்கும் முக்கியப் பாதை. தளர்வாக மாட்டிய பிளக் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தன்னையே எரித்துக்கொள்ளும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் சில என்ஜின்களில் கொக்கியின் திறந்த பக்கம் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. வண்டியின் கையேட்டை அங்கே மீறக்கூடாது.

கழற்றிய பிளக் ஒரு பரிசோதனை அறிக்கை. மூக்கு காப்பிப்பொடி நிறத்திலோ இளம்பழுப்பாகவோ இருந்தால் நிம்மதி. ஈரக் கறுப்பாக மினுங்கினால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம், அல்லது வண்டி நீண்ட நேரம் நின்ற இடத்திலேயே உறுமியிருக்கிறது. சுண்ணாம்பு வெளுப்போடு கொப்புளம் தட்டியிருந்தால் லீன். வெளுத்த மூக்கின் மேல் உப்புத்தூள்போல மின்னும் பொட்டுகள் தெரிந்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டக்கூடாது. அவை பிஸ்டனிலிருந்து சிதறிய அலுமினியம். இரட்டைச் சிலிண்டர் வண்டியில் இரண்டு பிளக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒற்றையைப் பார்ப்பதைவிடப் பயன் தரும். ஒன்று பழுப்பு, மற்றது வெளுப்பு என்றால் குறை அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் உரியது, ஜெட் அடைப்போ சீல் கசிவோ. ஒரு நிபந்தனை: முழு விசையில் ஓட்டி, அந்த நிலையிலேயே சுவிட்சை அணைத்துக் கழற்றிய பிளக்தான் உண்மை சொல்லும். வாசல்வரை மெல்ல உருட்டி வந்து கழற்றினால் அது கடைசி ஐந்து நிமிடக் கதையை மட்டுமே சொல்லும்.

அடைத்த பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நம்மூர் வழக்கம் மட்டுமில்லை, உலகெங்கும் உண்டு. கைவசம் வேறு பிளக் இல்லாதபோது வீடு போய்ச் சேர உதவும். ஆனால் தேய்த்த துகள் மூக்குக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள சந்தில் தங்கிவிடும். கீறல் விழுந்த பீங்கான் முன்னைவிட வேகமாகக் கரி பிடிக்கும். ஆகவே காட்டுக்குள் போகிறவர்கள் புது பிளக்குகளைக் கூடவே எடுத்துப் போகிறார்கள். உதிரிபாகத்தை இப்படி நம்பி நிற்பது வண்டியோடு சேர்ந்தே வந்த நிலைமை. ஃபின்லாந்தின் வடகோடியில் ஸ்கோல்ட் சாமி மக்கள் கலைமான் மேய்த்த இடத்துக்கு 1960-களின் தொடக்கத்தில் ஸ்னோமொபைல் வந்தது. சில ஆண்டுகளிலேயே வண்டி இழுத்த மான்கள் ஏறக்குறைய இல்லாமல் போயின. மானிடவியலாளர் பெர்ட்டி பெல்ட்டோ 1973-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். சுற்றிலும் கிடைக்கும் பாசியைத் தின்று உழைத்த விலங்கின் இடத்தில், தொலைவிலிருந்து வரும் பெட்ரோலையும் உதிரிபாகத்தையும் நம்பி நிற்கும் இயந்திரம் வந்துவிட்டது என்பது அவர் கவனித்தவற்றில் முக்கியமானது.

என்ஜினுக்கு வெளியே கிரீஸ் வேலை. 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்ன சக்கரங்கள்தான் பின்பக்கப் பட்டையைத் தாங்குகின்றன. வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்றுச் சுற்றும், அதுவும் பனிக்குழம்பில் மூழ்கியபடி. உருகிய நீர் சஸ்பென்ஷன் மூட்டுகளுக்குள் கசியும். இரவில் உறையும்போது அது 9 சதவீதம் பருத்து சீலை நெம்பிவிடும், மறுநாள் இன்னும் அதிக நீர் உள்ளே போகும். கிரீஸ் கன்னை நிப்பிளில் பொருத்தி அழுத்தும்போது முதலில் ஓரத்தில் பிதுங்கி வருவது நீர்த்துளி கலந்த சாம்பல் நிறக் குழம்பு. சுத்தமான புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அழுத்த வேண்டும். இங்கே கிரீஸின் வேலை வழுக்க வைப்பது பாதி, தண்ணீரை வெளியே தள்ளுவது மீதி. என்ஜின் விசையைப் பட்டைக்கு இறக்கும் செயின் பெட்டியில் இருப்பதோ மிகக் கொஞ்சம் எண்ணெய். அது பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அடியிலுள்ள காந்தத்தில் பசைபோல நுண்ணிய இரும்புத்தூள் ஒட்டியிருப்பது சகஜம், சில்லுகள் ஒட்டியிருந்தால் பெட்டியைத் திறந்து செயினைப் பார்க்க வேண்டும்.

எண்ணெயே படக்கூடாத இடம் ஒன்று உண்டு, கிளட்ச். இரண்டு கூம்புத் தட்டுகளும் நடுவில் ரப்பர் பெல்ட்டும் உராய்வை நம்பியே வேலை செய்கின்றன. அங்கே கிரீஸ் விரல் பட்டாலும் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் கருகும்.

வேறொரு இடத்துக்கு எண்ணெயை வானமே தருகிறது. பட்டை, சறுக்குத் தண்டவாளத்தின் அடியில் பொருத்திய கெட்டிப் பாலிஎத்திலீன் கீற்றுகளின் மேல் உரசியபடி ஓடுகிறது. அதற்கு எந்த நிப்பிளும் இல்லை. உரசலின் சூட்டில் பனி மயிரிழைப் படலமாக உருகி, அந்த நீரே மசகாகிறது. உரசல் சூடுதான் பனியை வழுக்க வைக்கிறது என்பதற்கு, சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராயோக் பனிக்குகையில் சோதனை செய்து 1939-இல் ஆதாரம் காட்டினார்கள் கேம்பிரிட்ஜின் பௌடனும் ஹியூஸும். வெற்றுச் சாலையிலோ வழுவழுத்த ஏரிப்பனி மேலோ தூளாகப் பறக்கும் பனி கிடைக்காது. பாலிஎத்திலீன் 130 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் உருகிப் பட்டையின் இரும்புக் கொக்கிகளில் ஒட்டிக்கொள்ளும். இருக்கைக்கு அடியிலுள்ள வெப்பமாற்றித் தகட்டுக்கும் அதே பனித்தூள்தான் குளிர்ச்சி தருவதால், என்ஜினும் சேர்ந்து கொதிக்கும். தரையைக் கீறிப் பனித்தூளை மேலே எற்றுவதற்காகவே வண்டியின் பக்கவாட்டில் கம்பி நகங்களை மாட்டிக்கொள்கிறார்கள். கடுங்குளிரில் இந்தச் சலுகையும் சுருங்கும். மைனஸ் 30-இல் பனி சுலபத்தில் உருகாமல் மணல்போல நறநறக்கும்.

பனி கரைந்த பிறகு வண்டி ஏழெட்டு மாதம் கொட்டகையில் கிடக்கும். அந்த மாதங்களில் துருப்பிடிக்கும் ஆபத்து அதிகம். எண்ணெய்த் தொட்டி இல்லாத என்ஜின் என்பதால் கிராங்க் பேரிங்குகளில் மிஞ்சிய மெல்லிய படலம் வடிந்துவிட்டால் இரும்பு வெறுமனே நிற்கும். ஆகவே கடைசியாக ஒருமுறை என்ஜினை ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் வழியில் கெட்டியான பாதுகாப்பு எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். எக்ஸாஸ்டில் வெண்புகை மண்டி என்ஜின் திணறத் தொடங்கும்வரை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியக்கூடும் என்பதால், டேங்கில் நிலைப்படுத்தும் மருந்தும் ஊற்றுவார்கள். முதல் பனிக்கு வண்டியைக் கிளப்பும்போது அந்தப் பாதுகாப்பு எண்ணெய் முழுவதும் எரிந்து வெளியேற வேண்டும். அதற்குள் பிளக்குகள் நனைந்து கறுத்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் அந்த முதல் பத்து நிமிடத்துக்குப் போன பருவத்துப் பழைய பிளக்குகளையே விட்டுவைப்பார்கள். புகை தெளிந்ததும் என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, புதியதை மாட்டுவார்கள்.